விழுவதற்கு முன்னால் வரும் பயம்

பேலன்ஸ் என்றதும் காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு வங்கிக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும்தான் ஞாபகம் வரும். வயதானவர்களிடம் இன்னொரு பேலன்ஸ் இருக்கிறது. விழாமல் நடந்துவிடுவோம் என்கிற நம்பிக்கை. அதற்கும் மார்க் போடுகிறார்கள் மருத்துவ உலகில்!

எதற்கு மார்க்? ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் எந்த ஊரிலும் இந்தக் கதையைப் பார்க்கலாம். அம்மாயி ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுவார். எலும்பு எதுவும் உடைந்திருக்காது. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாட்டு. "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா உக்காருங்க அம்மாயி." பாசத்தில் சொல்வதுதான். அவரும் பயத்தில் உட்கார்ந்துவிடுவார். கட்டுத்தரைப் பக்கம் போவது நிற்கும், கோயிலுக்குப் போவது நிற்கும். நடக்காத காலில் பலம் குறையும். பலம் குறைந்த கால் இன்னும் சுலபமாகத் தடுமாறும். விழுந்ததால் வந்த பயமே அடுத்த முறை விழவும் வைக்கும்.

இந்தப் பயத்தை அளக்க 1990-ல் அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் உடன் இருந்தவர்களும் 10 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 1995-ல் கனடாவில் பவல், மையர்ஸ் இருவரும் 16 கேள்விகளோடு இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். படி ஏறுவது, தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது, வீடு கூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் நம்பிக்கை என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 16-ஆல் வகுத்தால் மார்க். 67-க்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று 2004-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த 16-ல் இரண்டு கேள்விகள் எஸ்கலேட்டர் பற்றியவை. ஒன்று, பனி உறைந்த நடைபாதையில் நடப்பது பற்றி! நாமக்கல் வெயிலில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? :) செய்யாத வேலை என்றால் கற்பனை செய்து சொல்லலாம் என்பது விதி. ஓர் அம்மாயி மற்ற 13 கேள்விக்கும் 80 சொல்லி, இந்த மூன்றுக்கும் பயந்து பூஜ்யம் சொன்னால்? 1040-ஐ 16-ஆல் வகுத்தால் 65. தன் ஊரில் தெம்பாக நடப்பவர், பார்த்தே இராத பனியால் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

இங்கே கேட்க வேண்டியவை வேறு. டவுன் பஸ்ஸின் உயரமான படி, ஈரமான கட்டுத்தரை, பாசி பிடித்த துவைக்கிற கல், குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பு, திருச்செங்கோடு மலைப்படி. கேள்விகளை மாற்றினால் 67 என்கிற எல்லையையும் நம் மக்களிடம் சோதித்துத்தான் வைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய் இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

வீட்டில் இருப்பவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. "விழுந்தீங்களா?" என்று மட்டும் கேட்காமல், "எங்க போறதுக்குப் பயமா இருக்குதுங்க?" என்றும் கேட்கலாம். பாத்ரூம் என்று பதில் வந்தால் சுவரில் ஒரு கைப்பிடி, ராத்திரிக்கு ஒரு லைட். தெரு என்று வந்தால் கூடவே நடந்து போக ஓர் ஆள். உட்கார வைப்பதைவிட அதுதான் நல்லது.