டிக்கியில் மணல் மூட்டை

எங்கள் குடும்பத்தில் மழைக்காலம் பிறந்தால் கார் டிக்கியில் மணல் மூட்டை ஏறிவிடும். சேலத்திலிருந்து அடிக்கடி ஏற்காடு போகிறவர்கள் நாங்கள். பெரியப்பா வீடு அங்கே. அவர் அம்பாஸிடர் டாக்ஸி ஓட்டிய காலத்தில் தொடங்கிய வழக்கம், அப்பா வழியாக என் காருக்கும் வந்து சேர்ந்தது. ஏன் என்று கேட்டால், "அப்பத்தான் ஏத்தத்துல வழுக்காது" என்பார் அப்பா.

ஆனால் வழுக்கியது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒழுங்காக ஏறிவரும் வண்டி, பெரியப்பா வீட்டுக்குத் திரும்பும் செங்குத்தான சிமென்ட் சரிவில் பாதியிலேயே நின்றுவிடும். இன்ஜின் மட்டும் இரையும். அப்பா ஒரு மூட்டையை இரண்டாக்கினார். வழுக்கல் கூடியது. பாரம் ஏற்ற ஏற்ற ஏன் மோசமாகிறது, இந்த மூட்டை யோசனையை முதலில் சொன்னது யார் என்ற உறுத்தல் அங்கேதான் பிடித்துக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டதுமே, "கிளட்ச் பிளேட் தேஞ்சிருச்சு சார், மாத்திரலாம்" என்றார் மெக்கானிக். சந்தேகம் நியாயமானதுதான். இன்ஜின் இரைந்தும் வண்டி நகரவில்லை என்றால் விசை எங்கோ நழுவுகிறது. கிளட்சுக்குள் நழுவினால் சக்கரம் சுற்றாது. டயருக்கும் தரைக்கும் நடுவே நழுவினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இதைப் பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் அடங்கி ஆஃப் ஆகிவிடும். தேய்ந்திருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வண்டி ஆஃப் ஆனது. மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. "சூடானாத்தான் காட்டும்" என்றார். அடிவாரம் வரை ஓட்டிச் சூடேற்றி வந்து செய்தோம்; அப்போதும் ஆஃப். பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கசிந்திருந்த ஆயிலைத் தொட்டுக் காட்டினார். சீல் போய் ஆயில் பிளேட்டில் இறங்கியிருந்தால் வழுக்கத்தான் செய்யும். எனக்கும் அரை மனம் வந்தது, கியர்பாக்ஸை இறக்கினோம். உள்ளே பிளேட் உலர்ந்திருந்தது, கனமும் குறையவில்லை, ரிவெட் தலைகள் நன்றாக உள்ளடங்கியே இருந்தன. டார்ச் அடித்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இருந்தாலும் மாத்திடறது நல்லது" என்றார். நான் மாற்றவில்லை. கசிந்த சீலை மட்டும் மாற்றி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டச் சொன்னேன்.

அடுத்த முறை சரிவில் வண்டி நின்றபோது மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டு இறங்கி, பக்கவாட்டில் போய் நின்றேன். இடது முன்சக்கரம் ஈரப் பாசியில் விர்ரென்று சுற்றியது; ரப்பர் கருகும் நாற்றம். மூட்டைகளைச் சுமந்த பின்சக்கரங்கள் அசையவே இல்லை.

குந்தி உட்கார்ந்து அந்த டயரைத் தடவினேன். பட்டன் தேயவில்லை, 1.6 மில்லிமீட்டர் எல்லைக் குறிக்கு மேலே தாராளமாக இருந்தது. ஆனால் நகத்தை அழுத்தினால் பதியவில்லை. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். அங்கேயே பொறித்திருந்த நான்கு இலக்கம் 0714. 2014-ஆம் ஆண்டின் ஏழாவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றுப் பட்டு இறுகும். பட்டன் இருந்தும் பிடிப்பு போய்விடும். போதாததற்கு, மைலேஜ் கிடைக்கும் என்று காற்று 40 அடித்திருந்தார்கள். கதவோர ஸ்டிக்கர் கேட்பது 30.

வழுக்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மூட்டை ஏன் கெடுத்தது என்பது மட்டும் பாக்கி. பெரியப்பாவிடம் போனேன்.

"பின்னால பாரம் இருந்தாத்தான் டயரு தரையைக் கடிக்கும் கண்ணு" என்றார்.

"எந்த டயர் பெரியப்பா?"

"இதென்ன கேள்வி? தள்ளுற டயரு."

"இந்த வண்டியில பின் டயர் தள்ளாதுங்களே. முன் டயர்தான் இழுக்குது."

நம்பாமல் எழுந்து வந்தார். வயதையும் பார்க்காமல் முட்டி போட்டு வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அம்பாஸிடரில் இன்ஜினிலிருந்து பின் அச்சு வரை நீளுமே, அந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத் தேடினார். அது இருந்தால்தானே! நிமிர்ந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாமே சொன்னார்: சவாரி இல்லாமல் காலியாக மலையேறும்போது அம்பாஸிடரின் பின்பக்கம் லேசாகிவிடும், கனமான இன்ஜின் முன்னால் இருக்கும், ஈரத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றும். அதற்காக அவரே கண்டுபிடித்த வைத்தியம்தான் மூட்டை.

1957 முதல் 2014 வரை வந்த அம்பாஸிடருக்கு அது சரியான வைத்தியம். முன்சக்கர இழுவையை 1983-க்குப் பிறகு நம் வீடுகளில் பரவலாக்கியது மாருதி 800. மூட்டை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. ஏற்றத்தில் எந்த வண்டிக்கும் பாரம் பின்னுக்குச் சாயும். பின் அச்சுக்கும் பின்னால் மூட்டையை வைத்தால் அது நெம்புகோலாகி முன்பக்கத்தைத் தூக்கும். அச்சுகளுக்கிடையே 2.4 மீட்டர், அரை மீட்டர் பின்னால் 100 கிலோ மணல் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். இழுக்கிற சக்கரங்களிலிருந்து ஏறக்குறைய 20 கிலோ பாரம் பறிபோகிறது.

காகிதத்தைக் காட்டினேன். பெரியப்பா அதைப் பார்க்கவே இல்லை; சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா திருப்பி ஏத்து" என்றார். "ரிவர்ஸ்ல போனா இழுக்குற டயரு பள்ளத்துப் பக்கம் வந்துரும். பாரம் பூரா அது மேலதானே உக்காரும்?"

மூட்டைகளை இறக்கினேன். அதே கிழட்டு டயர், அதே பாசி. ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு தடவை உதறிவிட்டு மேலே ஏறிப் போய் வாசலில் நின்றது. பெரியப்பா கை தட்டினார். இத்தனை ஆண்டு வெறும் வழக்கமாக நான் நினைத்திருந்ததற்குள் அவருடைய அசல் அறிவு இருந்ததைக் கண்ட சந்தோஷம் எனக்கு.

புது டயர் நான்கும் போட்டு, காற்று 30 வைத்த பிறகு வண்டி முன்பக்கமாகவே ஏறுகிறது. பாசி தடித்த அடைமழை நாட்களில் மட்டும் ரிவர்ஸில் ஏற்றுகிறேன். ஓரத்தில் நின்று, "வரட்டும், வரட்டும், கொஞ்சம் இடது" என்று வழி சொல்கிறவர் பெரியப்பாதான்.