லைன் கிளியர்

பொன்மலை ரயில்வே காலனியில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை. பட்டறைச் சங்கு போதும். முதல் சங்குக்கு அடுப்பில் உலை ஏறும். அடுத்த சங்குக்கு அப்பாவின் சைக்கிள் மணி. மத்தியானச் சங்குக்குப் பாட்டி வெற்றிலைப் பெட்டியைத் திறப்பாள். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பட்டறை 1928-ல் பொன்மலைக்கு மாறியபோது, அதன் பின்னாலேயே சட்டி பானையோடு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாட்டிக்குக் கடைசிவரை ‘நம்மூரு’ என்றால் நாகப்பட்டினம்தான்.

காலனியில் பிள்ளைகளுக்கு எல்லாம் இரண்டு பெயர். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருப்பது ஒன்று. தெருவில் புழங்குவது அப்பாவின் வேலை. கார்டு மகன், டர்னர் மகன், பாய்லர்மேக்கர் மகன். நான் ஃபோர்மேன் மகன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

1982 கோடை விடுமுறையில் சிங்கப்பூர் மாமா வந்தார். சிதம்பரம் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, அங்கிருந்து ரயிலேறி வந்தவர், கோடாலித் தைலத்துக்கும் நைலான் புடவைக்கும் அடியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். திறந்தால் ஒரு ரயில். கையகல எஞ்சின், மூன்று பெட்டிகள், வட்டமாகக் கோக்கத் தண்டவாளத் துண்டுகள். சாவி கொடுக்கும் பொம்மை இல்லை. 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. ஒரு தண்டவாளத்தில் பாசிட்டிவ், மறு தண்டவாளத்தில் நெகட்டிவ். எஞ்சினின் சக்கரங்கள் இரண்டையும் தொட்டு, மின்சாரத்தை வாங்கி உள்ளே இருக்கும் மோட்டாருக்குக் கொடுக்கும். வயரை மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னால் போகும். எட்டு எவரெடி செல்களை வரிசையாக அடுக்கி முதன்முதலாக ஓடவிட்டபோது, வாழ்நாளெல்லாம் நிஜ எஞ்சினைப் பிரித்து மாட்டிய அப்பா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தார்.

வட்டத்தில் எத்தனை நேரம்தான் சுற்றுவது? ஒரே வாரத்தில் அலுத்துவிட்டது. எங்களுக்கு வேண்டியது வட்டம் இல்லை, ஊர். ஸ்டேஷன், கைகாட்டி, கேட், கேபின், இரண்டு லைன் பிரியும் இடம், எல்லாமே. அப்படித்தான் சங்கம் பிறந்தது. ஐந்து பேர், மாதச் சந்தா ஐம்பது காசு. பத்தாம் வகுப்பில் இருந்த பாய்லர்மேக்கர் மகன் தலைவர். டர்னர் மகன் பொருளாளர், கார்டு மகன் மின்சாரம். வரைபடமும் பத்திரிகையும் என் பொறுப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பெண்ணுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் பத்திரிகையை எழுதுவது அவள் வேலை.

ஆமாம், பத்திரிகை. அந்தக் காலத்தில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கையெழுத்துப் பத்திரிகை பிறந்துவிடும். எங்களுடையதன் பெயர் ‘லைன் கிளியர்’. எட்டுப் பக்கம், மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகப் போய், படித்தவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். முதல் பக்கத்தில் சங்கச் செய்தி. நடுவில் ‘இம்மாத வேலைகள்’: மலை எவ்வளவு காய்ந்தது, கேபினுக்குக் கூரை போட்டாயிற்றா என்ற விவரங்கள். கடைசிப் பக்கத்தில் வரவு செலவும் ஒரு கடியும்.

வேலைகள் என்று சொன்னேனே, அவற்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மேஜைக்குப் பதில் எங்கள் வராந்தாவில் இரண்டு பெஞ்சுகள். அவற்றின் மேல், மளிகைக் கடையிலிருந்து வாங்கிப் பிரித்த டீப்பெட்டிப் பலகைகள். கப்பலில் வந்த தண்டவாளம் அரைச் சுற்றுக்குத்தான் காணும் என்று ஆனபோது, நேர் லைனுக்கு உடைந்த குடைகளின் கம்பியை எடுத்துக்கொண்டோம். குடைக்கம்பி வளைத்தால் மடங்கிவிடும். அதனால் வளைவுக்கு ஜி.ஐ. கம்பி. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் சக்கரம் இறங்கிவிடும். டர்னர் மகன் அவன் அப்பாவை நச்சரித்து, அதே அளவில் ஒரு பித்தளைத் துண்டைக் கடைந்து வாங்கி வந்தான். அதைத் தண்டவாளங்களுக்கு நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டே போவோம். இடித்தாலும் தப்பு, ஆடினாலும் தப்பு.

எங்கள் கண்ணெதிரே ஓடியதெல்லாம் மீட்டர் கேஜ். ஆயிரம் மில்லிமீட்டர் அகலத்தை 16.5 ஆகச் சுருக்கினால், ஏறக்குறைய அறுபதில் ஒன்று. இந்தக் கணக்கு பிடிபட்ட நாள் எனக்குத் திருவிழா. அறுபது அடிப் பெட்டி எங்கள் ஊரில் ஓர் அடி. ஐந்தடி ஆள் ஓர் அங்குலம். வகுப்பில் விகிதம் என்றால் ஓடி ஒளிந்தவன், பொன்மலையில் கண்ணில் பட்டதையெல்லாம் அறுபதால் வகுக்க ஆரம்பித்தேன்.

மலைக்கு, பழைய பேப்பரை ஊறவைத்து மைதாப் பசையில் பிசைந்தோம். பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை. இல்லாவிட்டால் மலையைக் கரப்பான் தின்றுவிடும். பச்சைச் சாயத்தில் தோய்த்த மரத்தூள்தான் புல். காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டைக் கிழித்து அதே சாயத்தில் முக்கினால் வேப்பமரம். ஊதுபத்திக் குச்சிகள் தந்திக் கம்பங்கள். கைகாட்டிகளை மட்டும் நாங்கள் செய்யவில்லை. சிக்னல் தாத்தா செய்து கொடுத்தார்.

நான்கு வீடு தள்ளி இருந்த அவர் சிக்னல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல் பாதி இல்லை, ஞாபகம் முழுசாக இருந்தது. தகரத்தை வெட்டி, சிவப்படித்து, வெள்ளைப் பட்டை போட்டு, நூலை இழுத்தால் கை இறங்குகிற மாதிரி ஆறு கைகாட்டிகள். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“லைன் கிளியர் இல்லாம வண்டி ஓடக் கூடாதுடா. பொம்மைன்னாலும் சரி.”

ஒற்றை லைனில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க அன்றைக்கு இருந்த ஏற்பாடு அது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கருவி. இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். உள்ளே எஃகுப் பந்துகள். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் ஒரு பந்து வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது போய்ச் சேரும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பையில் அந்தப் பந்தைப் போட்டு ஓடுகிற எஞ்சினுக்கு நீட்டுவார்கள். டிரைவர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். பந்து கையில் இல்லாத டிரைவர் ஸ்டேஷனைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் பந்துக்குப் பதில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு. இருந்தது ஒரே எஞ்சின். எதிரே எது வரப்போகிறது? ஆனாலும் கோலியை ஹார்லிக்ஸ் மூடியில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் ரெகுலேட்டரைத் தொடுவோம். அந்தக் கோலி கைமாறும் நேரம் இன்னமும் உள்ளங்கையில் இருக்கிறது. அவ்வளவு வழுவழுப்பு, அவ்வளவு குளிர்ச்சி.

ஆயுதபூஜைக்குக் காலனி ஜனங்களுக்கு ரயிலைக் காட்டுவது என்று முடிவாயிற்று. செல் வாங்கிக் கட்டுப்படியாகாமல், சந்தாப் பணமும் தீபாவளிக்கு வைத்திருந்த முன்பணமும் போட்டு, செல் இல்லாமல் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்ட, நாற்பது ரூபாய்க்கு ஒரு எலிமினேட்டர் வாங்கியிருந்தோம். ஒரே ஒரு குறை. வண்டி கோடிக்குப் போனால் திரும்பி வர வழியில்லை. பின்னோக்கித்தான் வர வேண்டும். எஞ்சின் முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தால்தானே அழகு? அதற்கு வரைபடத்தில் ஒரு வளையம் சேர்த்தேன். லைன் போய், சுருக்குக் கயிறு மாதிரி சுற்றி, வந்த லைனிலேயே மறுபடி வந்து சேரும். எல்லோரும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பூஜைக்கு முந்தின ராத்திரி. பொரியும் அவலும் வாங்கி வைத்த வீட்டில் சந்தன வாசனை. கடைசித் துண்டை ஈயம் வைத்துப் பற்றவைத்தது கார்டு மகன். ஊதி ஊதிக் குளிரவைத்துவிட்டு, “போடுடா” என்றான். சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் அசையவில்லை. எலிமினேட்டர் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் முனகியது. பிறகு வார்னிஷ் கருகும் வாடை. அணைப்பதற்குள் மேல் மூடி தொட முடியாமல் கொதித்தது. அவ்வளவுதான், நாற்பது ரூபாய் போயிற்று. மறுநாள் வந்த ஜனங்களுக்கு எஞ்சினைக் கையால் தள்ளிக் காட்டினோம். பெரியவர்கள் சிரிக்காமல் பார்த்துவிட்டுப் போனதுதான் தாங்க முடியவில்லை.

பற்றவைத்தது அவன், பற்றவைத்ததும் எரிந்தது. ஈயம் வழிந்து இரண்டு தண்டவாளத்தையும் ஒட்டியிருக்கும், வேறென்ன? அந்த மாத இதழில் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘கார்டு மகனின் கவனக்குறைவால் எலிமினேட்டர் எரிந்தது’. நான் சொல்லச் சொல்ல ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பெண் எழுதினாள். எழுதி முடித்து, “இதைப் போடணுமா?” என்று கேட்டாள். “செய்தி செய்திதான்” என்றேன். பதினோரு வயதில் அப்படி ஒரு வாக்கியம் எனக்கு எங்கிருந்து கிடைத்ததோ.

பத்திரிகை வழக்கம்போல வீடு வீடாகப் போயிற்று. கார்டு வீட்டுக்கும் போயிற்று. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அவன் அப்பா டியூட்டி முடிந்து வந்து பெல்ட்டைக் கழற்றியதாக டர்னர் மகன் சொன்னான்.

சிக்னல் தாத்தாவிடம் பத்திரிகை போனது நாலாம் நாள். கையெழுத்துப் போடாமல் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

“விபத்துன்னா முதல்ல என்ன எழுதணும் தெரியுமா? எத்தன மணி, எந்த இடம், சிக்னல் எப்படி இருந்துச்சு, பாயின்ட் எந்தப் பக்கம் இருந்துச்சு. ஆள் பேரு கடைசியிலதான் வரணும். நீ பேர்லயே ஆரம்பிச்சிருக்க.”

அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டும், என் பையிலிருந்து ஒரு சாக்பீஸும் வாங்கிக்கொண்டார். சிமெண்டுத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. “இது பாசிட்டிவ், இது நெகட்டிவ். வா கூடவே.” குத்துக்காலிட்டு நகர்ந்துகொண்டே இரண்டு கோடுகளையும் என் வரைபடத்தில் இருந்தபடி சுற்றிக் கொண்டுவந்தார். வந்து சேரும் இடத்தில் கறுப்புக் கோடு நேராகப் போய் வெள்ளைக் கோட்டில் முட்டியது. வெள்ளை கறுப்பில் முட்டியது.

“பிரம்மா வந்து பத்தவச்சாலும் ஷார்ட் ஆகும்டா. தப்பு ஈயத்துல இல்ல, வளையத்துல இருக்கு.”

வழியையும் அவரே சொன்னார். வளையம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இரண்டு தண்டவாளத்தையும் அறுத்து, நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு துண்டை வைக்க வேண்டும். வளையத்துக்குத் தனி சுவிட்ச். வண்டி உள்ளே வந்த பிறகு மெயின் லைனுக்குப் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் அது பாட்டுக்கு வெளியே வரும். நிஜ லைனிலும் வண்டி நிற்பதைக் கேபினுக்குக் காட்ட இப்படித்தான் தண்டவாளத்தைப் பிரித்து இன்சுலேஷன் வைப்பார்கள் என்றார். பழைய போஸ்ட் கார்டை மடித்துச் செருகினோம். பொங்கலுக்கு எஞ்சின் முகம் காட்டித் திரும்பி வந்தது.

கார்டு மகனைத் தாத்தாவே போய்க் கூட்டி வந்தார். அவன் வந்தான், வேலை செய்தான். என்னிடம் மட்டும் தேவைக்கு மேல் பேசவில்லை. அடுத்த வருஷம் அவன் அப்பாவுக்கு மாற்றல் ஆகிக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பலகைகள் மழையில் உப்பின. பத்திரிகை பதினோரு இதழோடு நின்றது.

பின்னாளில் நான் பத்திரிகைக்காரனாகத்தான் ஆனேன். நம் நாட்டில் பெரிய ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு செய்தி எழுதும்போது தெரிந்துகொண்டேன். லைனை ஓட்டுபவரும் தீர்ப்பு எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்றிரவு வீட்டுக்கு வந்து, பத்திரமாக வைத்திருந்த பதினோரு இதழ்களையும் எடுத்துப் புரட்டினேன்.

திருத்தம் வெளிவந்திருக்கிறது. எட்டாம் பக்கத்தில், வரவு செலவுக்குக் கீழே, பொடி எழுத்தில், நீல மையில் மூன்றே வரி: எலிமினேட்டர் எரிந்ததற்குக் காரணம் பற்றவைப்பு அல்ல, லைன் அமைப்பு என்று கண்டறியப்பட்டது, வருந்துகிறோம். அந்த அமைப்பை வரைந்தவன் யார் என்று அதில் இல்லை.