சிறிதாய்ப் பிறந்த மகளும் இரவு ஊசியும்

"பிள்ளை பிறக்கும்போது எத்தனை கிலோ? எத்தனையாவது வாரம்?"

2016இல் பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியர் இப்படிக் கேட்டபோது என்னிடம் காட்டுவதற்கு ஒரு கார்ட்டும் இருக்கவில்லை. 2009 மாசியில், வன்னியில் நாங்கள் இடம் மாறி இடம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் மகள் பிறந்தாள். கார்ட்டெல்லாம் வழியிலேயே போய்விட்டது. நிறுத்துப் பார்த்த தாதி "ஒன்று எழுநூறு" என்று சொன்னது மட்டும் காதில் இருந்தது. வாரக் கணக்கை வற்றாப்பளைப் பொங்கலிலிருந்து விரல் மடித்துச் சொன்னேன். கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தாதி அதைச் சிங்களத்தில் சொல்ல, வைத்தியர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மாதம் நிறைந்தும் நிறை குறைந்து பிறந்த பிள்ளை என்று அன்றுதான் அவளுக்கு ஒரு பதிவு உண்டானது.

அப்போது அவளுக்கு ஏழு வயது. உயரம் 104 சென்ரிமீற்றர். பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதல் ஆள். சிறிதாய்ப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இரண்டு வயதுக்குள் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுவார்களாம். பத்தில் ஒருவரளவில் பின்தங்கி நிற்பார்கள். அவர்களுக்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி கொடுக்க அமெரிக்கா 2001இலும் ஐரோப்பா 2003இலும் அனுமதித்தன. ஒவ்வொரு இரவும் தோலுக்குக் கீழே போடவேண்டும், பல வருடங்களுக்கு. ஒரு மாத மருந்தின் விலை என் தையல் உழைப்பைவிட அதிகம்.

பாரிஸில் இருக்கும் அண்ணா காசு அனுப்புகிறேன் என்றார். இரண்டு கிழமை கழித்து அவரே திரும்ப எடுத்தார். "தங்கச்சி, அவசரப்படாதே. இந்த ஊசியாலே இங்கே பிள்ளைகள் செத்திருக்கினம்."

அண்ணா சொன்னது பொய்யில்லை. முன்பு இந்த ஹோர்மோனை இறந்தவர்களின் மூளைக்கடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதனூடாக மூளையை அழிக்கும் ஒரு நோய் பரவி, பிரான்ஸில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2008இல் பாரிஸில் வழக்கும் நடந்தது. ஆனால் 1985இலிருந்து ஆய்வுகூடத்தில் தயாரிக்கும் ஹோர்மோன் வந்துவிட்டது. அதில் அந்த நோய்க்கு இடமில்லை.

அதோடு பயம் தீர்ந்துவிடவில்லை. புதிய ஊசி போட்ட ஏறத்தாழ 7,000 பிரெஞ்சுப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பின் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து, 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 70 மரணங்கள் நடந்திருக்கலாம் என்று எதிர்பார்த்த இடத்தில் 93. இதையும் அண்ணாதான் சொன்னார். நான் அதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். கேட்டால் கோபிப்பாரோ என்று வாசலில் நின்று யோசித்தேன். முகாமில் இருந்து வந்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அவர் கோபிக்கவில்லை. "நல்ல கேள்வி அம்மா" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அந்தப் பிள்ளைகளை ஊசி போடாத பொதுமக்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், சிறிதாய்ப் பிறந்து ஊசி போடாதவர்களோடு அல்ல என்றார். வயிற்றில் போதிய ஊட்டம் கிடைக்காமல் பிறந்தவர்களுக்கு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், பின்னாளில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வரும் வாய்ப்பு கூட. ஆகவே கூடிய மரணம் ஊசியாலா, பிறப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "ஆபத்தே இல்லை என்றும் நான் எழுதித் தரமாட்டேன்" என்றார். அந்த வார்த்தைதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை தந்தது.

பட்டினியோடு சுமந்தது என் குற்றமா என்ற நினைப்பு மட்டும் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு அது விளங்கும்.

மகளிடமே கேட்டேன். "ஊசி நோகுமா? அப்ப நான் கரும்பலகையில் மேலே எழுதலாமா?" என்றாள். தொடங்கினோம். முதல் வருடத்தில் 9 சென்ரிமீற்றர் வளர்ந்தாள். இரத்தத்தில் சீனியும் தைரொயிட்டும் அடிக்கடி பார்த்தார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்தார்கள். கடும் தலையிடி, பார்வை மங்கல், நொண்டுதல், இடுப்பு அல்லது முழங்கால் நோவு, முதுகு வளைதல், இவற்றில் எது வந்தாலும் உடனே வரச் சொன்னார்கள். எங்களுக்கு ஒருமுறை சீனி கொஞ்சம் ஏறி, அளவைக் குறைத்த பிறகு இறங்கியது.

2020இல் 8 நாடுகளில் 24,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு வந்தது. ஹோர்மோன் குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு மரணம் கூடவில்லை. சிறிதாய்ப் பிறந்தவர்களிடம் சற்றுக் கூடியிருந்தது. அதுவும் பெரும்பாலும் அந்தப் பிரெஞ்சுக் கணக்கால்தான். 2021இல் சுவீடனிலிருந்து, ஊசி போட்டவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் நோய் ஓரளவு அதிகம், ஆனாலும் எண்ணிக்கை மிகச் சிறியது என்ற செய்தி வந்தது. நடுவழியில் நின்ற எனக்கு அது ஆறுதலுமில்லை, இடியுமில்லை.

உண்மையான இடி 2022இல் வந்தது. மருந்தை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்கவேண்டும். பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம். மீன் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கி, மருந்து ஐஸில் முட்டி உறைந்துவிடாமல் துணி சுற்றி றெஜிபோம் பெட்டியில் வைத்தேன். டொலர் ஏறியதில் அண்ணாவின் காசும் போதவில்லை. சில இரவுகள் ஊசி தவறியது.

2023இல் வளர்ச்சி ஓய்ந்ததும் ஊசியை நிறுத்தினார்கள். இப்போது 151 சென்ரிமீற்றர். உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ஊசி நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறை சீனியும் இரத்த அழுத்தமும் பார்க்கிறோம்.

பிறந்த நிறை, ஊசி தொடங்கிய திகதி, நிறுத்திய திகதி, அளவு, தவறிய இரவுகள் எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு இவள் எந்த ஊர் வைத்தியரிடம் போனாலும், என்னைப்போல விரல் மடிக்கத் தேவையில்லை. போன மாதம் அதை அவளிடமே கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்று எழுநூறு எண்டு சொன்ன அந்தத் தாதி இப்ப எங்கே அம்மா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.