கடைமடை ஊர் டூசான்

ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஃபீனிக்ஸும் டூசானும் ஒன்றுபோலத்தான் தெரியும். பகலில் இருபது டிகிரி, துடைத்துவைத்த வானம், வீட்டு வாசல்களில் ஆரஞ்சுப் பழம். டெட்ராய்ட் பக்கம் முப்பத்தோரு வருஷம் பனியை வாரிக் கொட்டிய என் அக்காவும் அத்தானும் இரண்டு ஊரையும் அப்படி ஒரு ஜனவரியில் பார்த்துவிட்டு, எதில் வீடு வாங்குவது என்று புரியாமல் திரும்பினார்கள். "ஜூலையில் ஒரு தடவை போவோம், நானும் வருகிறேன்" என்றேன். அத்தானுக்கு அது வீண்செலவாகப் பட்டது. அக்காதான் டிக்கெட் போட்டாள்.

குளிர்காலத்துக்கு மட்டும் வந்து ஏப்ரலில் திரும்பிவிடுகிறவர்களை, இந்த இரண்டு ஊரும் உள்ள அரிசோனாவில் ஸ்நோபேர்ட் என்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஊரானாலும் சரி. இருந்த வீட்டை விற்றுவிட்டு, மிச்ச வாழ்நாளுக்கும் ஓர் ஊரைத் தேடுகிறவர்கள் அந்த ஊரின் கோடையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே நெடுஞ்சாலையில் சுமார் 180 கிலோமீட்டர். இரண்டும் சொனோரா பாலைவனத்து ஊர்கள். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், டூசான் 730 மீட்டர். நானூறு மீட்டர் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று அத்தான் கேட்டார். பகல் வெப்பத்தில் மூன்று டிகிரிதான் குறையும். அது பெரிதாகத் தெரியாது. இரவில்தான் தெரியும். ஜூலையில் ஃபீனிக்ஸின் இரவு சராசரியாக முப்பது டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பதினாறு லட்சம் பேர் வாழும் நகரத்தின் கான்கிரீட்டும் தாரும் பகலில் குடித்த வெயிலை விடியவிடியக் கக்குகின்றன. டூசானில் இருபத்து நான்கு, இருபத்தைந்துக்கு இறங்கிவிடும். காலை ஐந்தரைக்கு எழுந்து நடக்கப் போகும் வயதானவருக்கு அந்த ஐந்து டிகிரிதான் ஊர்.

2023-ல் ஃபீனிக்ஸில் ஜூன் 30-லிருந்து தொடர்ந்து 31 நாள் பகலின் உச்ச வெயில் 43 டிகிரிக்குக் கீழே வரவில்லை. அந்த ஆண்டு அந்நகரம் அடங்கிய மாரிகோபா கவுண்ட்டியில் வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் பலருடைய வீட்டில் ஏசி இருந்தது, ஓடவில்லை. தனியாக வாழும் முதியவரின் ஏசி ஒரு சனிக்கிழமை இரவு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை வீட்டு விளம்பரங்கள் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஆனாலும் ஃபீனிக்ஸை ஒதுக்கிவிட முடியாது. ஓய்வுக்கென்றே ஓர் ஊர் என்ற எண்ணம் பெரிய அளவில் வேர்பிடித்தது அதன் ஓரத்தில்தான். டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி 1960 ஜனவரி 1 அன்று பருத்தி விளைந்த நிலத்தில் சன் சிட்டியைத் திறந்தார். மாதிரி வீடுகள், கோல்ஃப் மைதானம், கடைகள், பொழுதுபோக்குக் கூடம் எல்லாம் முதல் நாளே தயார். முதல் வார இறுதியிலேயே ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள் என்பார்கள். இன்றைக்கும் அந்தத் தெருக்களில் கோல்ஃப் வண்டியிலேயே கடைக்குப் போய் வருகிறார்கள். மயோ கிளினிக் மருத்துவமனை ஃபீனிக்ஸில் இருக்கிறது. மூளை, தண்டுவட சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பாரோ நிறுவனமும் அங்கேதான். விமானமும் அப்படியே. ஃபீனிக்ஸிலிருந்து லண்டனுக்கு நேராகப் பறந்து, ஒரே இடத்தில் மாறிச் சென்னை வந்துவிடலாம். டூசானிலிருந்து இன்னொரு மாற்றம் கூடும். மகா கணபதி கோயில் உள்ள மாரிகோபா ஊரும் (கவுண்ட்டி வேறு) ஃபீனிக்ஸுக்குத்தான் பக்கம். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் கம்ப்யூட்டர் சிப் ஆலைகளில் வேலைபார்க்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் ஃபீனிக்ஸையே தேர்ந்தெடுத்தால் நான் மறுக்க மாட்டேன். பேரப்பிள்ளை இருபது நிமிஷத்தில் இருப்பதற்கு ஈடாக எந்த மலைக்காற்றும் கிடையாது.

அக்காவின் பிள்ளைகள் இருவரும் கிழக்குக் கரையில் இருக்கிறார்கள். அதனால் எங்களால் டூசானை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

டூசான் என்ற பெயர் பூர்வகுடிகளான ஓதம் மக்களின் மொழியிலிருந்து வந்தது. கருங்குன்றின் அடிவாரம் என்று பொருள். அந்தக் குன்று ஊருக்கு மேற்கே இன்றும் நிற்கிறது. ஸ்பானியர்கள் 1775-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். ஊருக்குத் தெற்கே, ஓதம் மக்களின் நிலத்தில், 1797-ல் கட்டிமுடிந்த சான் சேவியர் தேவாலயம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதில் இப்போதும் பூசை நடக்கிறது. பழைய குடியிருப்புகளில் மண் செங்கல் வீடுகள் இருக்கின்றன. முழங்கை நீளத் தடிமனில் சுவர். அவற்றில் ஒன்றுக்குள் நுழைந்ததும் அக்கா சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

ஊரைச் சுற்றி நாலு பக்கமும் மலை. வடக்கே உள்ள லெம்மன் சிகரம் ஏறக்குறைய 2,800 மீட்டர். கள்ளிக்காட்டில் புறப்படும் கார் ஒரு மணி நேரத்தில் பைன் காட்டில் போய் நிற்கும். மேலே பதினைந்து டிகிரி வரை குறைவு. கோடையில் உள்ளூர்க்காரர்களின் மூச்சே அந்த மலைதான். அதே மலையில் 2003-லும் 2020-லும் பெருந்தீ பரவியது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

கிழக்கிலும் மேற்கிலும் சகுவாரோ தேசியப் பூங்காவின் இரண்டு பகுதிகள். நம் கண்ணுக்குப் பாலை என்றால் மணல். இங்கே அப்படியில்லை. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள பாலை இது, பச்சை. சகுவாரோ கள்ளி ஒரு கிளை விடுவதற்கே ஐம்பது, எழுபது வருஷம் எடுத்துக்கொள்ளும். மழை பெய்தால் உடம்பின் மடிப்புகள் விரிந்து பருக்கும். ஜூன் கடைசியில் அதன் உச்சியில் பழுக்கும் சிவப்புப் பழத்தை ஓதம் மக்கள் நீண்ட தொரட்டியால் பறிக்கிறார்கள். அந்தத் தொரட்டிக்குக் கழியும் காய்ந்த சகுவாரோவின் விலாவிலிருந்தே கிடைக்கிறது. பழச்சாற்றைப் புளிக்கவைத்து, குடித்து, மழையை அழைப்பது அவர்கள் வழக்கம். அவர்களுடைய ஆண்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நாங்கள் போன ஐந்தாம் நாள் மழை வந்தது. மூன்று மணிக்குத் தெற்கே மேகம் கறுத்தது. நாலரைக்குத் தெருவெல்லாம் ஆறு. மழைக்கு முன்னாலேயே ஒரு வாசனை. கிரியோசோட் என்ற புதரின் பிசின் ஈரம் பட்டதும் விடும் மணம் அது. அத்தான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையவில்லை. இரவு மேகம் கலைந்ததும், ஊருக்குள் இருந்தே அத்தனை நட்சத்திரங்களைப் பார்த்தோம். பக்கத்து கிட் பீக் வானாய்வகத்துக்காக 1972 முதலே தெருவிளக்குகளுக்குச் சட்டம் போட்டுக் காத்துவருகிறார்கள்.

தண்ணீரைப் பற்றி அக்கா இரண்டு ஊரிலும் கேட்டாள். ஃபீனிக்ஸுக்கு சால்ட், வெர்டே என்று இரண்டு ஆறுகளின் அணைநீர் உண்டு. கொலராடோ ஆற்றுக் கால்வாயும் உண்டு. டூசான் அந்தக் கால்வாயின் கடைமடை. 541 கிலோமீட்டர் நீளக் கால்வாய். தண்ணீரை ஏறத்தாழ 900 மீட்டர் மேட்டுக்கு இறைத்துக் கொண்டுவருகிறார்கள். காவிரிக் கடைமடையில் பிறந்தவள் அக்கா. அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்தக் கடைமடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். 1992-ல் கால்வாய் நீரை நேராகக் குழாயில் விட்டபோது பழைய இரும்புக் குழாய்கள் அரித்துப் பழுப்புத் தண்ணீர் வந்தது. மக்கள் கொதித்தார்கள், இரண்டு வருஷத்தில் நிறுத்தினார்கள். பிறகு அந்த நீரை ஊருக்கு மேற்கே அவ்ரா பள்ளத்தாக்கில் குளம் வெட்டித் தேக்கி, மண்ணுக்குள் இறக்கி, நிலத்தடி நீரோடு கலந்து எடுக்கிறார்கள். கொலராடோ ஆற்றில் 2021-ல் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தபோது இந்தச் சேமிப்புதான் தைரியம் கொடுத்தது. தண்ணீர்க் கவலை இரண்டு ஊருக்கும் பொது. டூசான் அதை மறக்காமல் வாழ்கிறது என்பது என் எண்ணம்.

குறைகளும் உண்டு. ஊரைக் குறுக்கே கடக்க நெடுஞ்சாலை கிடையாது. சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும். சாலையில் பள்ளம். பல்கலைக்கழக மருத்துவமனை நல்லதுதான். ஆனாலும் சில சிகிச்சைக்கு ஃபீனிக்ஸுக்கு அனுப்புவார்கள். வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் இரண்டு ஊரிலும் உண்டு; மண்ணில் வாழும் பூஞ்சை தூசியோடு மூச்சில் ஏறும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் புழுதிக் காற்றில் வெளியே நிற்கக் கூடாது. அத்தானுக்குச் சர்க்கரை.

அக்கா இன்னொன்றும் கேட்டாள்: "கார் ஓட்ட முடியாமல் போனால்?" கோடையின் ஃபீனிக்ஸில் பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நிற்பதையே நினைத்துப் பார்க்க முடியவில்லை. டூசானில் 2020-ல் பஸ் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து பழைய ஊர்வரை டிராம் ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டி இரண்டு அறை உள்ள சின்ன வீடுகள் நாலைந்தைப் பார்த்தோம். புறநகரின் பெரிய வீடுகளைவிட வயதுக்கு அவையே பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

இப்போதைக்கு எதையும் வாங்கவில்லை. அந்தத் தெருக்களில் ஒன்றில் ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஜூன் முதல் தேதி குடிபோகிறார்கள். வெயிலில் தொடங்கட்டும் என்று தேதியைக் குறித்தவர் அத்தான்தான்.