திருகோணமலைத் துறைமுகமும் கரையோரப் பெண்களும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடசாலையில் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். ஏன் சிறந்தது என்று விளக்கிச் சொன்னவர்கள் குறைவு. கரையை அண்டியே ஆழம், சுற்றிவர மேடும் காடும். மார்கழியில் வெளிக்கடல் கொந்தளிக்கும்போதும் உட்துறைமுகத்தில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். பாய்க்கப்பல் காலத்தில், சோழமண்டலக் கரை நெடுக ஒதுங்க இடமில்லாமல் தவித்த போர்க்கப்பல்களுக்கு இதுதான் புகலிடம்.

அதனால்தான் எல்லோருக்கும் இதன்மேல் கண். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள். ஓகஸ்ட் மாத முடிவில் பிரான்சியர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார்கள். ஊர்ச்சனம் எங்கே ஓடியது, எதைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று நான் வாசித்த சரித்திரப் புத்தகங்களில் இல்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையுமில்லை. 1795இல் மறுபடி ஆங்கிலேயர் வந்தார்கள். சுதந்திரம் கிடைத்த பின்னும், 1957 வரை அவர்களுடைய கடற்படை இங்கேதான் இருந்தது.

இவ்வளவு நல்ல துறைமுகம் இருக்க, கப்பலெல்லாம் ஏன் கொழும்புக்குப் போகிறது? கொழும்பில் இயற்கையான துறைமுகம் கிடையாது. 1875இல் அலைதடுப்பு அணைக்குக் கல் வைத்து, கடலை மறித்துத்தான் அதை உண்டாக்கினார்கள். ஆனால் கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டிலிருந்து 1867இலேயே கொழும்புக்குப் புகையிரதம் ஓடியது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது 1927இல். துறைமுகத்துக்கு ஆழம் மட்டும் போதாது. பின்னால் சரக்கு வேண்டும், சரக்கு வரப் பாதை வேண்டும். இங்கே இருந்ததோ காடும், காவல் துப்பாக்கியும்.

சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களும் கடற்படைக்காகக் கட்டப்பட்டவைதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கிய நாளில் ஒரு குதம் எரிந்து அழிந்தது. இப்போது இருப்பவை 99. பல தசாப்தங்கள் பெரும்பாலானவற்றில் கொடிதான் படர்ந்தது. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 குதங்கள் லங்கா ஐஓசியிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடமும் உள்ளன. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் திருகோணமலையைச் சக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. பிறீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை இரண்டும் 1980களிலிருந்து இந்தக் குடாவை நம்பி ஓடுகின்றன. புல்மோட்டைக் கனிய மணலும் இந்த மாவட்டத்துச் செல்வந்தான்.

சரி, கரையில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது? யுத்த காலத்தில் இரவுத்தொழிலுக்குத் தடை, பாஸ் இல்லாமல் வள்ளம் இறக்க முடியாது. மீன் வராத வீட்டில் கருவாடு போட என்ன இருக்கும்? துறைமுகத்தின் தென்கரையில் உள்ள சம்பூர்ச் சனம் 2006இல் ஓடியது. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்கள் பலர். அவர்களுடைய காணியில் கைத்தொழில் வலயமும் நிலக்கரி மின்நிலையமும் வரும் என்றார்கள். அந்த 818 ஏக்கர் ஒதுக்கீடு 2015இல் இரத்தானது, சனம் திரும்பியது. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்திட்டம் வருகிறது. புகை இல்லை, நல்லதுதான். ஆனால் கட்டி முடித்த பின் சூரிய மின்நிலையத்துக்கு அதிக ஆட்கள் தேவைப்படுவதில்லை என்பதையும் நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

காணி பற்றி இன்னொன்று. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெர்மிற் காணியின் பின்னுரித்தில் மகனுக்கே முதலிடம் கொடுத்திருந்தது. 2022இல் அது திருத்தப்பட்டது. மகள் என்பதற்காக இனிப் பின்னுக்குத் தள்ள முடியாது. பிரதேச செயலகத்தில் யாராவது பழைய கதை சொன்னால், இந்த வருடத்தைச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், பெண்களின் கையில் காசு புழங்க வைத்தது குதமோ ஆலையோ அல்ல, பாலம்தான். முன்பு கிண்ணியாவுக்குப் போவதென்றால் ‘பாதை’ வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். மூதூருக்குக் கொட்டியாரக்குடாவைக் கடக்கும் லோஞ்சு. கடல் கடுமையென்றால் அதுவும் இல்லை. பிள்ளைப்பேற்று நோவோடு இறங்குதுறையில் காத்திருந்தவர்களின் கதை மூதூரில் எத்தனையோ உண்டு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. பிறகு மூதூர் வீதியின் மற்றப் பாலங்களும் முடிந்தன. இப்போது தயிர்ச் சட்டியோடும் கருவாட்டுப் பெட்டியோடும் விடியற்காலை பஸ்ஸில் ஏறினால், வெயில் ஏறுமுன் நகரச் சந்தையில் இருக்கலாம். விற்று முடித்து, பிள்ளைகள் பள்ளியால் வருமுன் வீடு திரும்பலாம்.