நண்டுக்குள் ஒளிந்த துறவி

சீனாவின் ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிக்கரையில் நிற்கும் லெய்ஃபெங் கோபுரத்தை வெறும் கட்டடமாக என்னால் பார்க்க முடியவில்லை. மனிதனை மணந்த வெள்ளைப் பாம்புப் பெண்ணை ஃபாஹாய் என்ற துறவி இதன் அடியில்தான் சிறைவைத்தான் என்கிறது கதை. செங்கல்லை வீட்டில் வைத்தால் நல்லது நடக்குமென்று ஊரார் கொஞ்சங்கொஞ்சமாகப் பெயர்த்தெடுக்க, 1924இல் பழைய கோபுரம் சரிந்தே போனது. (2002இல் எழுந்த புதியதன் உள்ளே அந்தச் சிதிலம் இன்றும் இருக்கிறது.) பழைய கோபுரம் விழுந்ததில் மகிழ்ந்து எழுத்தாளர் லூ சுன் கட்டுரையே எழுதினார்.

அதில் வரும் நண்டுதான் என்னை இந்தக் கதைகளிடம் இழுத்துக்கொண்டு போனது. தண்டனைக்குப் பயந்த ஃபாஹாய் நண்டின் ஓட்டுக்குள் புகுந்துகொண்டானாம். நண்டைப் பிளந்தால் உட்கார்ந்த துறவிபோல ஒரு சின்ன உறுப்பு தெரியும். காதலைப் பிரித்தவனைச் சாப்பாட்டு மேசையில் தேடிப்பிடிக்கும் அந்த மக்களை எப்படி நேசிக்காமல் இருப்பது? நானும் அவித்த நண்டு கேட்டு வாங்கினேன். துறவியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.