செவ்வாய்க்கிழமைப் பாடம்

சர்க்கரை வியாதி என்றால் மாத்திரை கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள், "இதைத் தொடாதே, அதைத் தின்னாதே" என்று ஒரு பட்டியலும் கொடுத்து அனுப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பாடம் நடத்துவார்கள் என்பது தெரியுமோ? சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் புற நோயாளிகள் பிரிவில் செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அப்படி ஒரு வகுப்பு நடக்கிறது. அறுபத்தோரு வயதில் என் அம்மா அதில் மாணவியாகச் சேர்ந்தாள். துணைக்கு நான். மொத்தம் ஆறு வாரம்.

பெஞ்சுகளில் இருபது பேர் இருப்போம். பாடம் நடத்தியவர் ஒரு நர்ஸ். மேஜை மேல் ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், ஒரு கரண்டி. எடுத்த எடுப்பில் அவர் கேட்ட கேள்வி: "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு?"

ஆண்கள் டாண் டாண் என்று பதில் சொன்னார்கள். எட்டு மணிக்கு நாலு இட்லி, எட்டரைக்கு இரண்டு தோசை. பெண்கள் பக்கத்தில் சத்தத்தையே காணோம். கடைசியில் ஓர் அம்மாள், "குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததைத்தான் சாப்பிட்டேன். அதெல்லாம் கணக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார்.

"பதினோரு மணி ஆகும், சிஸ்டர். எல்லாரும் ஆபீசுக்குப் போக வேண்டாமா? இன்றைக்கு இங்கே வந்துவிட்டதால் இன்னும் ஆகவில்லை."

"மாத்திரை?"

"அது மட்டும் தவறாது! ஏழு மணிக்கே போட்டுக்கொண்டு விடுவேன்."

நர்ஸ் உடனே அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தார். 64. எழுபதுக்குக் கீழே போனால் தாழ் சர்க்கரை என்று பெயராம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, பதினைந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்த்து, பிறகு பிஸ்கட்டும் கொடுத்தார். வகுப்பு முழுவதற்கும் அதுவே முதல் பாடமாகிவிட்டது. இன்சுலினும் சில ரக மாத்திரைகளும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று காத்துக்கொண்டிருப்பதில்லை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் எல்லாம் அதன் அடையாளங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இரண்டு வருஷமாக அம்மா இதற்குப் "பித்தம்" என்று பெயர் வைத்திருந்தாள். அதிலும் வெள்ளிக்கிழமைதான் பித்தம் அதிகம். ஏனென்றால் அன்று விரதம்! மாத்திரை உண்டு, சாப்பாடு சாயங்காலம்தான்.

நோயாளிக்குப் பாடம் சொல்லும் வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின் 1918-லேயே டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிக்க ஒரு கைப்புத்தகம் எழுதினார். 1922-ல் டொராண்டோவில் ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அப்புறம் கேட்பானேன்? தினம் ஊசி போட டாக்டர் வீட்டுக்கு வருவாரா? நோயாளியே கற்றுக்கொண்டாக வேண்டியதாயிற்று.

மற்றப் பாடங்களில் எனக்குப் பிடித்தது கேழ்வரகுச் சண்டை. "நான் அரிசியைத் தொடுவதே இல்லை, கேழ்வரகுக் கஞ்சிதான்" என்று ஒரு பெரியவர் பெருமையடித்தார். மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதுவும் விறுவிறு என்று சர்க்கரையை ஏற்றும் என்றார் நர்ஸ். தேன், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சர்க்கரையின் சொந்தக்காரர்களே. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சாதம், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, அவ்வளவுதான் பத்தியம். மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்திப் பார்த்தால் கருவி மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டுமாம்! சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பாதத்தை இரவில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மழுங்கியிருந்தால் புண் வந்ததே தெரியாது.

இதையெல்லாம் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டில் அழகாக எழுதிக்கொண்டாள். எட்டு மணிக்குச் சாப்பிடு என்றால் மட்டும் கேட்கவில்லை. "அப்பா சாப்பிடுவதற்கு முன்னால் நானா? நன்றாயிருக்கிறதடி!" நோட்டில் எழுதினால் தீருகிற விஷயமா இது? நான் விவாதம் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. நான்காவது வாரம் நர்ஸ் வீட்டுக்காரர்களையும் அழைத்து வரச் சொன்னார். அப்பா வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தார். 64 என்ற எண்ணின் கதையைக் கேட்டார். வீடு திரும்பும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாமே இரண்டு தட்டு எடுத்து வைத்து, "நீ உட்கார்ந்தால்தான் நானும்" என்றார்.

விரத விஷயத்தை அம்மா நேரே டாக்டரிடமே கொண்டு போனாள். அவர் விரதத்தை விடச் சொல்லவில்லை. மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது என்றார். வெள்ளிக்கிழமைக்கென்று மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதிக் கொடுத்தார். காலையில் பாலும் சுண்டலும் சாப்பிட அம்பாள் ஆட்சேபிக்க மாட்டாள் என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை 9.1-லிருந்து 7.4-க்கு இறங்கியிருக்கிறது. ஏழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் மாடி வீட்டு மாமி போன வாரம், "என்னமோ காலையில் ஒரே கிறுகிறுப்பு, பித்தம் போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"மாத்திரை எத்தனை மணிக்கு, மாமி? சாப்பாடு எத்தனை மணிக்கு?"